கன்னையா தின்ற இரும்பு

தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கன்னையா கங்காணி. சும்மா கிடைப்பதை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. இரத்தம் குறைவென்று தோட்டத்து டிஸ்பென்சரியில் அவர் மனைவி தங்கம்மாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவளுக்கு அது குமட்டியது. எட்டு வருடமாக அவரே விழுங்கினார். அவளுக்கு இரத்தம் ஏறாத காரணம் புரியாமல் டிஸ்பென்சரி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தது. அதையும் விழுங்கினார்.

ஐம்பத்திரண்டு வயதில் விரல் மூட்டுகள் வீங்கின, தோல் கறுத்தது. கேகாலையில் எடுத்த இரத்தம் மரபணுச் சோதனைக்காகக் கொழும்புக்குப் போனது. முடிவைக் கேகாலை ஆஸ்பத்திரியில் விளக்கியவர் யாழ்ப்பாணத்து டாக்டர் மகாதேவி.

"உங்கட உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்குது ஐயா. ஈரலைப் பழுதாக்கிப்போடும். மாத்திரை அதை இன்னும் கூட்டிப்போட்டுது. இது பரம்பரை. உங்கட தங்கச்சியும் உடனயே சோதிக்க வேணும்."

அடிக்கடி இரத்தம் எடுத்துக் குறைப்பதுதான் வைத்தியம். அதற்குச் சம்மதித்தார். தங்கச்சி ஜீவராணியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் மகன் தனுஷனுக்குத் தன் மகள் ஷாமிளாவைப் பேசியிருந்தார். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தது. அண்ணன் குடும்பத்தில் கெட்ட இரத்தம் என்று அவள் விலகிவிட்டால்? இருவருக்கும் தகப்பன் ஒருவர்தான் என்பது மூன்று மாதம் யோசித்தும் அவருக்குத் தோன்றவில்லை.

பரிசம் போட நாள் பார்க்க நிவித்திகலையிலிருந்து ஜீவராணி வந்தாள்.

"கை மூட்டெல்லாம் வலிக்குது அண்ணி. ஒரே அசதி."

"இந்த மாத்திரய கொண்டு போ ஜீவா. ஒங்க அண்ணனுக்கு டாக்டர் போதும்னுட்டாங்களாம்," என்று தங்கம்மா டப்பாவை நீட்டினாள்.

ஜீவராணி ஒன்றை வாய்க்குக் கொண்டுபோனாள். கன்னையா பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

"என்னண்ணே, ஒரு மாத்திரைக்கா இந்தக் கஞ்சத்தனம்?"

தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

"கெட்ட ரத்தமா? அப்ப நான் என்ன, என் ரத்தத்த நிவித்திகல கடையிலயா வாங்குனேன்?" ஜீவராணி டப்பாவைத் தங்கம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள். "மூணு மாசமா என்னய சாக வுட்டுட்டு, சம்பந்தி ஆகப் பாத்தியாண்ணே?"

"கல்யாணம் நின்னுருமோன்னு..."

"நிக்கிறதா நடக்கிறதான்னு அந்த டாக்டரம்மாகிட்ட கேப்போம். மொதல்ல எனக்குப் பாக்கட்டும், அப்புறம் எம் மகனுக்கு. பஸ்ஸு எத்தன மணிக்கு?"

புதன்கிழமை காலை தங்கம்மாவும் சேர மூவரும் கேகாலை பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோர இடத்தைக் கன்னையா தங்கச்சிக்கு விட்டார். அவள் மடியிலிருந்த பையில் இரண்டு ஜாதகங்களும் இருந்தன. டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே.