மஞ்சள் மணி இல்லாத இரண்டு வரிசை

இருபது வருடம் ஊரார் வயலில் களை பறித்தவர் ஒச்சம்மாள். இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் வெள்ளை மக்காச்சோளக் கதிர்களுக்குக் காகிதப் பை மாட்டுகிறார். காற்றில் வரும் மகரந்தம் ஒட்டாமல், கையால் தூவுவது மட்டும் சேரத்தான் அந்தப் பை.

போன போகத்தில், கதிர் முனையில் இழை தெரிந்த பிறகு மாட்டினால் போதும் என்றார் மேலாளர் சீதாராமன், நாற்காலியை விட்டு எழாமலே. ஒச்சம்மாள் தன் இரண்டு வரிசைக்கும் இழை தெரிவதற்கு முதல் நாளே மாட்டிவிட்டார்.

"என்னம்மா அவசரம்?"

"ஒரு இழைக்கு ஒரு மணிதான் சார். எந்தத் தூள் முந்துதோ, அதுக்குத்தான் அந்த மணி. பக்கத்துக் காட்டு மஞ்சச்சோளம் நம்மகிட்ட கேட்டுக்கிட்டா வரும்?"

சீதாராமன் சிரித்தார்.

அறுவடையில் மற்ற வரிசைக் கதிர்களை உரித்தால், வெள்ளைக்கு நடுவே மஞ்சள் மணிகள் பல்லிளித்தன. ஒச்சம்மாளின் கதிர்களில் ஒன்றுகூட இல்லை. நாற்பது கதிர் உரித்துப் பார்த்த சீதாராமன் எழுந்து போனார்.

இந்தப் போகத்தில் பை மாட்டும் நாளைக் குறிப்பது ஒச்சம்மாள்தான். நேற்று சீதாராமன் வரப்பில் நின்று கேட்டார்: "இன்னைக்கு மாட்டலாமாம்மா?"

"மாட்டலாம் சார். ஆளு பத்தல, நீங்களும் ஒரு வரிசை பிடிங்க."

பிடித்தார்.