ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தவள்

தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடையில் காவேரி பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். அப்போது மேஜை டிராயரைப் பாதி திறந்து, அதற்குள் போனை வைத்துக்கொண்டு கதை படிப்பாள். கடைக்காரர் பிரபாகருக்கு இது தெரியும். வேலை கெடாதவரை அவர் கண்டுகொள்வதில்லை.

இண்டூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஓர் அத்தியாயம், கடையில் நான்கைந்து, திரும்பும்போது நின்றுகொண்டே இன்னொன்று. காதல் கதை, மாயாஜாலக் கதை, இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் அவள் தொடமாட்டாள். பி.காம். இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கணவர் அறிவழகன் நல்ல மனிதர். தக்காளி விலை விழுந்தாலும், மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், மனைவி புதுப்புடவை கட்டினாலும் அவரிடமிருந்து வருவது 'ம்' என்ற ஒரே சத்தம்தான். பக்கம் பக்கமாகப் பேசுகிற கதாநாயகர்கள் காவேரிக்குத் தேவைப்பட்டார்கள்.

படித்ததைப் பற்றி எழுதவும் ஆரம்பித்தாள். ஆன்லைனில் கதை படிக்கிறவர்களின் குழு ஒன்று. பன்னிரண்டாயிரம் பேர் இருந்தார்கள். அதில் அவளுக்குப் பெயர் 'கறார் வாசகி'.

தொடக்கத்தில் நியாயமாகத்தான் எழுதினாள். கம்பெனி முதலாளிக் கதாநாயகன் கையைப் பிடித்து முறுக்கினால் அது காதல் ஆகாது என்று எழுதினாள். கதாநாயகி நாற்பது அத்தியாயத்தில் ஒன்பது தடவை கால் இடறி அவன்மேல் விழுந்தால் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று எழுதியபோது குழுவே சிரித்தது. ஒரு மாயாஜாலக் கதையில் மலைக்கடியில் இருந்த ராஜ்ஜியத்தை மெச்சிவிட்டு, "வெயிலே படாத ஊரில் கதிர் அறுக்கிறார்களே, எப்படி விளைந்தது?" என்று கேட்டாள். அந்தக் கதாசிரியரே வந்து நன்றி சொல்லி, நெல்லைக் காளானாக மாற்றினார்.

போகப் போக ஒன்று புரிந்தது. பாராட்டி எழுதினால் முப்பது லைக், திட்டினால் முந்நூறு. பிறகு அவள் படிக்கிற விதமே மாறிப்போயிற்று. மனசு கரையும் இடத்தில் நிற்காமல், எந்த வரியைப் பிடித்துக் கேலி செய்யலாம் என்று பார்த்துக்கொண்டே போவாள். இதெல்லாம் அப்போது அவளுக்குத் தவறாகப் படவில்லை. வீட்டில் 'ம்' மட்டுமே கேட்டவளுக்கு முந்நூறு பேர் பதில் சொல்கிறார்கள். அது போதுமாக இருந்தது.

ஆடி மாதத்தில் 'வெள்ளிமீன்' என்ற புனைபெயரில் ஒருவர் குழுவில் வந்து, தன் முதல் நாவலை முப்பத்தொரு அத்தியாயம் எழுதியிருப்பதாகச் சொன்னார். கீழே, "கறார் வாசகி அவர்கள் படித்துச் சொன்னால் மகிழ்வேன்" என்று தனியாக ஒரு வரி.

காவேரி இரண்டு நாளில் படித்து முடித்தாள். ஒரு மலைக்கோட்டைக்கு மருமகளாகப் போகும் பெண்ணின் கதை. இளவரசன் வேறு பெண்ணுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன், இவளை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். கோட்டையில் சோறு உண்டு, துணி உண்டு, அடி உதை கிடையாது. ஆனால் ஒருவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாமியார் ராணிக்கு ஏதாவது வேண்டுமென்றால் வெண்கல மணியை இரண்டு தட்டு தட்டுவாள். லாயத்துக் குதிரைக்குப் பெயர் இருக்கிறது, இவளுக்கு இல்லை. இளவரசன் 'கண்ணே' என்பான், அதுவும் பெயர் இல்லை. அவள் பெயரில் ஆறு எழுத்து. வருடத்துக்கு ஒன்றாக உதிர்கிறது. கடைசி எழுத்தும் போய்விட்டால் அவள் பனியாகக் கரைந்துவிடுவாள். நெருப்பு உமிழும் பறவை ஒன்று மட்டும் உதிர்ந்த எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்து வைக்கிறது.

பறவை வரும் அத்தியாயங்களில் காவேரிக்கு உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்தது. அதை அவள் எழுதவில்லை. எழுதியது இதுதான்:

"கோட்டையில் நாற்பது பேர். ஒருத்தருக்குமா வாயில்லை? இளவரசனுக்கு ஓர் அக்கா இருக்கிறாளாம், ஓலைச்சுவடியெல்லாம் படிப்பவளாம், வருடம் நான்கு தடவை விருந்துக்கு வருகிறாளாம், அவளுக்கும் தம்பி மனைவியின் பெயரைச் சொல்லத் தோன்றவில்லையாம். நெருப்புப் பறவையைக்கூட நம்பிவிட்டேன் தோழிகளே, இந்த அக்காவை நம்ப முடியவில்லை. இப்படி ஒரு வீடு உலகத்தில் எங்கே இருக்கிறது? முகவரி கொடுத்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்றரை நட்சத்திரம். அந்த அரையும் குதிரைக்கு."

எழுநூறு லைக். அவள் எழுதியதிலேயே அதிகம். அன்று மாலை வெள்ளிமீன் ஒரு பதில் போட்டிருந்தார்: "நம்பும்படி எழுத எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும்." மறுநாள் காலையில் நாவலைக் காணோம். முப்பத்தொரு அத்தியாயத்தையும் நீக்கிவிட்டார்.

"பாவம், யாரோ சின்னப்புள்ள போல" என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் காவேரி. இண்டூர் வந்து இறங்குவதற்குள் மறந்தும் போனாள்.

இரண்டு வாரம் கழித்து அம்மா தங்கம்மாளுக்குக் கண் புரை ஆபரேஷன் ஆயிற்று. மொரப்பூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி அம்மாவின் ஊர். தம்பி பூவரசன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். அம்மாவோடு இருப்பது அவன் மனைவிதான். காவேரி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

அம்மா பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். காவேரி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பத்து மணி இருக்கும். பேச்சுக்கு நடுவில் அம்மா தண்ணீர் குடித்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து இரும்புக் கட்டிலின் காலில் தட்டினாள். டங், டங். இரண்டு தட்டு.

உள்ளேயிருந்து தம்பி மனைவி வந்தாள். "என்னங்க அத்தை?" என்றாள்.

"செல்லிக்குத் தண்ணி காட்டுனாங்களான்னு கேளு" என்று அம்மா காவேரியைப் பார்த்துச் சொன்னாள். செல்லி என்பது மாடு.

காவேரியின் கையிலிருந்த சுளை கீழே விழுந்தது. இந்தச் சத்தத்தை இந்த வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கதையில் படித்தபோது ஏன் உறைக்கவில்லை? தம்பி மனைவியின் பெயரை விரல் மடக்கி எண்ணினாள். க, வி, ப், பி, ரி, யா. ஆறு. கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யோசித்தாள். வருகிற தையோடு ஆறு.

அந்தக் கல்யாணம் வீட்டில் யாரையும் கேட்டு நடக்கவில்லை. அம்மா தன் அண்ணன் மகள் பானுமதியைத்தான் பூவரசனுக்கென்று சொல்லி வைத்திருந்தாள். அவனோ காலேஜுக்குப் போன ரயிலில் பழக்கமான பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அம்மா வீட்டுக்குள் விட்டாள், பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. 'அந்தப் புள்ள', 'உள்ள இருக்கிறவ', 'உம்பொண்டாட்டி'. பூவரசனுக்கு அவள் 'குட்டி'. குழந்தை பிறந்திருந்தால் இன்னாருடைய அம்மா என்றாவது கூப்பிட்டிருப்பார்கள், அதுவும் இல்லை. காவேரியும் பானுமதி பக்கம்தான். வேண்டுமென்றே ஒன்றும் செய்யவில்லை. "இந்தா பாரு", "ஏம்மா", இப்படியே ஓட்டிவிட்டாள்.

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லடியில் கவிப்பிரியா மாமியாரின் புடவையை அலசிக்கொண்டிருந்தாள். காவேரி போய் நின்றாள்.

"வெள்ளிமீன் நீதானா?"

கவிப்பிரியா நிமிரவில்லை. "ஆமாங்க அண்ணி."

"கறார் வாசகி நான்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. பொங்கலுக்கு வந்தப்ப எல்லாருக்கும் போன்ல காட்டுனீங்களே, பன்னண்டாயிரம் பேரு இருக்காங்கன்னு. நான் அங்கதாங்க காபித்தட்டு வெச்சிக்கிட்டு நின்னேன்."

"தெரிஞ்சுமா என்னையே படிக்கச் சொன்ன?"

"உங்களுக்குன்னுதாங்க எழுத ஆரம்பிச்சதே." புடவையைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நேர்ல சொன்னா சண்டை ஆயிரும். கதைன்னா கடைசி வரைக்கும் படிப்பீங்க. இந்த வூட்ல படிக்கிறவங்க நீங்க ஒருத்தர்தானே. படிச்சா புரிஞ்சிக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்க முகவரி கேட்டுட்டீங்க."

காவேரிக்குக் காது மடல் சுட்டது. கடையில் நாள் முழுதும் அடுத்தவர்கள் பெயரைப் பிழையில்லாமல் டைப் செய்கிற கை, இப்போது முந்தானை நுனியைப் பிசைந்துகொண்டிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். "க... கவிப்பிரியா." விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து வாசிப்பதுபோல வந்தது அந்தப் பெயர். "நான் குழுவுல எழுதிடறேன். நான்தான் அந்த அக்கான்னு, எல்லாம் உண்மைன்னு எழுதிடறேன். நீ கதைய மறுபடியும் போடு."

"வேணாங்க."

"ஏன்?"

"அதுக்கு ரெண்டாயிரம் லைக் வரும். எவ்ளோ பெரிய மனசுன்னு உங்களத்தான் சொல்லுவாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காவேரிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "கதையும் இல்லீங்க. அழிச்சிட்டேன். போன்ல மட்டுந்தான் இருந்துச்சு."

முப்பத்தொரு அத்தியாயம். ஒரு மணி நேரத்தில் எழுதிய ஏழெட்டு வரிக்காக.

உள்ளே போன காவேரி அம்மாவிடம் பாய்ந்தாள். "அவளுக்குப் பேரு இருக்குதும்மா. டம்ளரத் தட்டிக் கூப்படறியே, ஆடா மாடா?"

"மாட்டுக்குப் பேரு இருக்குது" என்றாள் தங்கம்மாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. "பேரச் சொல்லலன்னா குத்தமா? சோறு போடலையா, துணி எடுத்துக் குடுக்கலையா? ஏன், நீ மட்டும் கூப்புட்டியா? உம்மவ வயசுக்கு வந்த சீருக்குப் பத்திரிக அடிச்சியே, நீ வேல செய்யற கடையிலதான அடிச்ச? பூவரசன் குடும்பத்தார்னு போட்டிருந்துச்சே, அதுல அவ பேரு எங்க?"

அந்தப் பத்திரிகையை மூன்று தடவை பிழை பார்த்தவள் காவேரிதான். பானுமதியின் பெயர் தனி வரியில் இருந்தது.

அன்று மத்தியானம் களியும் கீரையும் பரிமாறிய கவிப்பிரியாவிடம், "நீயும் ஒக்காரு" என்றாள் காவேரி. "அப்புறம் சாப்டுக்கறேங்க" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஊர் திரும்பிய காவேரி தான் எழுதியதை நீக்கினாள். நீக்கியும் பயனில்லை, யாரோ படம் பிடித்து வைத்திருந்து, 'கறார் வாசகியின் டாப் டென்' என்று இரண்டு மாதம் கழித்துப் போட்டார்கள். குதிரை வரிக்குச் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நடந்ததைக் கணவனிடம் ஒருநாள் முழுதாகச் சொல்லி முடித்தாள். அறிவழகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள பேரு கவிப்பிரியாவா? நான் இத்தன நாளும் பிரியான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். அவரும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

தை பிறந்ததும் பூவரசன் ஓசூரில் வாடகை வீடு பார்த்து மனைவியை அழைத்துக்கொண்டான். கவிப்பிரியாவுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. அம்மா தனியாக இருக்கிறாள். போனில், "பூவரசன் வூட்ல சௌக்கியமா?" என்று கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறாள். அதற்கு மேல் வரவில்லை.

காவேரி வாராவாரம் தம்பி மனைவிக்குப் போன் செய்கிறாள். வாக்கியத்துக்கு வாக்கியம் பெயரைச் சொல்கிறாள். சொல்லும்போதே தன் குரல் பொய்யாகக் கேட்கிறது, நிறுத்தவும் முடியவில்லை. அந்தப் பக்கம் மரியாதை குறையாமல் பதில் வரும். "சரிங்க அண்ணி. வெச்சிடட்டுங்களா?"

குழுவில் இப்போதும் எழுதுகிறாள், எப்போதாவது. எந்தப் புதுப் புனைபெயரைப் பார்த்தாலும் யாராக இருக்கும் என்று யோசிக்கிறாள். கதாநாயகி எத்தனை தடவை இடறி விழுந்தாலும், இவளுக்கு நிஜமாகவே கால் வலியோ என்று தோன்றிவிடுகிறது. காரம் போய்விட்டது என்று குழுவில் குறைப்படுகிறார்கள். திட்டுவதற்கு வேறொருத்தி வந்துவிட்டாள், நன்றாகவே திட்டுகிறாள்.

போன மாதம் அம்மா கொடுத்தனுப்பிய நிலக்கடலையை எடுத்துக்கொண்டு காவேரி ஓசூருக்குப் போயிருந்தாள். பூவரசன் கம்பெனிக்குப் போயிருந்தான். கவிப்பிரியா கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்று நாற்காலியைக் காட்டினாள். சின்ன வீடு. ஜன்னலோரத்து மேஜையில் நீளநோட்டு ஒன்று விரிந்து கிடந்தது. பாதிப் பக்கம் எழுதி, பேனா நடுவில் கிடந்தது. காவேரியின் கண் தானாக அங்கே போயிற்று.

கவிப்பிரியா அவசரப்படாமல் நடந்துபோய் நோட்டை மூடினாள். அதை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"காபியா டீயாங்க?" என்றாள்.

"எதுன்னாலும் சரி" என்றாள் காவேரி.