இடக்கைக்காரியின் உளி

என் நாத்தனாரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னு கேட்டா எனக்கு வாயே வராது. பட்டறையில அவளுக்கு 'சாணை'ன்னு பேர். எந்நேரமும் எதையாவது தீட்டிக்கிட்டே இருப்பா. கையில இரும்பு இல்லைன்னா நாக்கைத் தீட்டுவா.

புருஷனோட சண்டை போட்டுட்டு அண்ணன் வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு, வந்தப்ப அவ பெட்டியில கொஞ்சம் துணிமணியும் துணியில சுத்தின மூணு உளியும்தான் இருந்துச்சு.

"வேற ஒண்ணும் எடுத்துட்டு வரலையா?"ன்னு கேட்டேன்.

"உங்க வீட்ல உருப்படியா இல்லாததை எடுத்துட்டு வந்திருக்கேன், அண்ணி"ன்னா.

அன்னைக்கே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் வீட்டுக்காரர் அதோட விட்டாரா? நான் தோல் பெல்ட்டுக்கு ஓரம் சீவுற பட்டறையிலேயே தங்கச்சியையும் சேர்த்துவிட்டார். ஒரே மேஜை. எனக்கு வலது பக்கம் அவ. அவளுக்கு இடக்கை. நான் ஒரு இழுப்பு இழுத்தா அவ முழங்கை என் முழங்கையில வந்து இடிக்கும். வீட்டுல சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பக்கம், அதே இடி.

"இடிக்காதடி!"

"நீங்கதான் இடிக்கிறீங்க."

ஆறு வருஷமா இதே பாட்டுதான்.

உளி வாங்கப் போனா கடைக்காரர் தலையில கை வச்சுக்குவார். ஓரம் சீவுற உளிக்கு நுனியில ரெண்டு குட்டிக் கொம்பு, நடுவுல ஒரு பள்ளம். அந்தப் பள்ளந்தான் வெட்டும். இவ இருபது உளியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பள்ளம் பள்ளமா பார்த்து, நகத்துல வச்சு உரசி, பளபளக்கிறதையெல்லாம் ஒதுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு எடுப்பா. அப்புறம் ஜன்னல் கம்பியில நூலைக் கட்டி, பாலிஷ் பசையைத் தடவி, பள்ளத்தை அதுல வச்சுப் பின்பக்கமா மட்டும் இழுப்பா. நூறு தடவை! சீவுற தோல் அறுபடாம ஒரே இழையா வரணும். அதுவரைக்கும் விடமாட்டா. நான் சக்கரத்துல ரெண்டு தேய் தேய்ச்சுட்டு வேலையைப் பார்ப்பேன்.

ஒருநாள் முதலாளியம்மா வந்து நின்னாங்க. "இந்த மேஜைக்கு ஒரு மேஸ்திரி வேணும். ஆளுக்கு ஒரு பெல்ட் சீவுங்க. எது நல்லா வருதோ, அவங்கதான்."

என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, எனக்கே இவ வேலை ஏவுறதா? அதுக்கு நான் செத்தே போகலாம்.

அவசர அவசரமா உளியைச் சக்கரத்துல வச்சேன். கொஞ்சம் அழுத்திட்டேன் போல. பள்ளம் அகண்டு போச்சு. சீவிப் பார்த்தா எலி கடிச்ச மாதிரி இருக்கு ஓரம். நல்லவேளை, அது வெட்டுத் துண்டு. பெல்ட்டை இன்னும் தொடலை. அந்த நேரம் பார்த்து அவ கை கழுவப் போனா. அவ உளி மேஜையிலேயே கிடந்துச்சு.

எடுத்தேன். ஆமா, திருடினேன். இப்ப என்னாங்கிறீங்க?

ஒரே இழுப்பு. பெல்ட்டோட முகத்துல கோடு விழுந்துச்சு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்! உளியை எடுத்த இடத்துலயே வச்சுட்டேன்.

முதலாளியம்மா ரெண்டு பெல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டாங்க. சாணை குனிஞ்சு அந்தக் கோட்டை விரலால தடவினா. கத்துவான்னு பார்த்தேன். கத்தலை.

"அண்ணி, என் உளியை வலது கையில பிடிச்சீங்களா? இடக்கைச் சாய்வுக்குத் தோதா ஒரு கொம்பைக் குட்டையா தீட்டி வச்சிருக்கேன். உங்க கைக்கு நீளக் கொம்பு தோல்ல குத்தும்."

பட்டறையே சிரிச்சுது. ஆறு வருஷமா முழங்கையில இடி வாங்குறேன், அவ இடக்கைக்காரிங்கிறது எனக்கு மறந்துபோச்சு பாருங்க!

மேஸ்திரி ஆனதும் அவ போட்ட முதல் உத்தரவு என்ன தெரியுமா? "அண்ணி, நீங்க வலது பக்கம் வாங்க. நான் இந்தப் பக்கம் உட்கார்றேன்."

மாறி உட்கார்ந்தோம். அவ இடக்கை அந்தப் பக்கம், என் வலக்கை இந்தப் பக்கம். ஒரு இடி இல்லை. ஆறு வருஷத்துல யாராவது ஒருத்தி எழுந்திருந்தா போதும். நான் எழுந்திருக்கலை.

ராத்திரி சாப்பாட்டுக்கும் அவளே இடம் மாறி உட்கார்ந்தா. எனக்குத் திட்டுறதுக்கு ஒண்ணுமே கிடைக்கலை. பாவி, அதையும் பிடுங்கிக்கிட்டா.