ஒண்ணாம் கியர் அண்ணி

என் அண்ணிக்கு 'ஒண்ணாம் கியர்' என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். தெரு முழுக்க அது பரவியதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள், தெருமுனை தாண்டும் வரை கியரை மாற்றவே மாட்டாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். லைசென்ஸ் பரீட்சையில் ரிவர்ஸ் எடுக்கும்போது மூன்று முறை கோட்டைவிட்டாள். நாலாவது முறை, "பாஸாயிட்டீங்கம்மா, இறங்குங்க" என்று அதிகாரி சொன்ன பிறகும், வண்டியை இரண்டு கோட்டுக்கும் நடுவில் நேராக நிறுத்திவிட்டுத்தான் இறங்கினாள்.

ஆசைப்பட்டு ஓட்ட வந்தவள் இல்லை. என் அண்ணன் இருபது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன். சர்க்கரை வியாதி அவன் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். அண்ணி அதுவரை ஒரு சலவை நிலையத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வண்டி சும்மா நின்னா துருப்பிடிச்சிடும்" என்றாள். கிளப்புவதற்கு முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுவாள், உள்ளே பூனை படுத்திருந்தால் எழுந்து ஓடட்டும் என்று.

நான் ஒரு பேக்கரிக்கு ரொட்டியும் கேக்கும் கொண்டுபோய்ப் போடும் வேன் ஓட்டுகிறேன். வீட்டில் என்னைக் 'கடுகு' என்று கூப்பிடுவார்கள். என் உயரத்தைப் பார்த்து வைத்த பெயரா, நான் பொரிவதைப் பார்த்து வைத்த பெயரா என்று யாரும் என்னிடம் கேட்டுவிட வேண்டாம்.

போன மாதம் அண்ணிக்கு ஒரு நல்ல வேலை தேடி வந்தது. டயாலிசிஸ் நிலையத்துக்கு மூன்று நோயாளிகளை வாரம் மூன்று நாள் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். ஒரு வருஷ ஒப்பந்தம். மெஷினில் நாலு மணி நேரம் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்குக் குலுக்கல் ஆகாது, மெதுவாக ஓட்டுகிறவர்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே முதல் தடவையாக ஒண்ணாம் கியருக்கு மவுசு வந்தது! ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் காரில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது.

"எதுக்கு மெக்கானிக்? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி மலிவாக விற்கிறார்கள் இல்லையா? ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் சொருகினால், வண்டிக்கு என்ன கோளாறு என்று ஒயர் இல்லாமலே போனுக்குச் சொல்லிவிடும். ஒரு பெட்டியில் இரண்டு வந்தது. இரண்டையும் என் வேனில் சொருகி, அண்ணியின் போனோடு சேர்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சேர்ந்தது. ஒன்றை என் வேனிலேயே விட்டுவிட்டு, இன்னொன்றை அண்ணியின் காரில் சொருகினேன்.

போன் சொன்னதை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நூற்றுப் பதினாறு டிகிரி. மறுநாளும் அதே கதை. அண்ணி தனியாகப் பார்த்தால் மட்டும் 'இணைப்பு இல்லை' என்று வரும். நான் போய் நின்றால் எண்கள் ஓடி வந்துவிடும். "மலிவு சாமான் அண்ணி, கைராசி பார்க்கும்" என்று பீற்றிக்கொண்டேன்.

அண்ணன் தடவித் தடவி வந்து பானட் மேல் கையை வைத்தான். "என்ஜின் சத்தம் சரியாத்தானே இருக்கு, கடுகு. சூடேறின வண்டி இப்படி மூச்சு விடாது."

"கம்ப்யூட்டரே சொல்லுதுண்ணா. உன் காதுக்கும் வயசாயிடுச்சு."

அவன் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கண் போனவனிடம் காதையும் பிடுங்கிக்கொண்டேனே பாவி! அன்று அது உறைக்கவில்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு குத்துகிறது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னோம். "என்ஜினுக்குள்ள இருக்கற அடைப்பு, ஹெட் கேஸ்கட், போயிருக்கும். பிரிச்சா செலவு வண்டி விலையைத் தாண்டும்" என்றார். அண்ணி அழவில்லை. "அந்த மூணு பேரை நடுரோட்டுல நிறுத்திட்டா என்ன பண்றது? உடம்புக்கு முடியாதவங்க. வேணாம்" என்றாள். பழைய இரும்புக் கடைக்காரரை ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னாள். சலவை நிலையத்துக்கும் சொல்லிவைத்துவிட்டாள், திங்கள் முதல் திரும்ப வருகிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அண்ணன் காரின் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்தே அப்படித்தானாம். அண்ணி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எடைக்குப் போகிற வண்டிக்கு யாராவது கண்ணாடி துடைப்பார்களா? என் வேனில் பின்னால் கிரீம் கேக் இருந்ததால், ஏ.சி. ஓடட்டும் என்று என்ஜினை அணைக்காமலே இறங்கினேன், எப்போதும் போல.

கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "கிளப்பிக் காட்டுங்கம்மா" என்றார். அண்ணி பானட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். போனில் நூற்றுப் பத்தொன்பது. "பாத்தீங்கல்ல?" என்றேன், ஏதோ நானே சம்பாதித்த மார்க் மாதிரி. அண்ணி போனை பானட் மேல் வைத்துவிட்டு, குனிந்து கருவியைப் பிடுங்கினாள். "இது இவளோடது. வண்டியோட போயிடக் கூடாது" என்று என் கையில் கொடுத்தாள்.

கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். "என்னம்மா, கழட்டிட்டீங்க. இது இன்னும் ஓடுதே?"

நூற்றுப் பத்தொன்பது. நூற்றிருபது.

அண்ணி கார் சாவியையும் திருகி அணைத்தாள். எண் மறையவில்லை. என் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து என் வேனைப் பார்த்தாள். கியர் மாற்ற இரண்டு நிமிஷம் எடுப்பவளுக்கு இது புரிய இரண்டு வினாடி ஆகவில்லை.

"கடுகு, உன் வண்டிய அணை."

"கேக் உருகிடும் அண்ணி..."

"அணைன்னு சொன்னேன்ல!"

இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஓடிப்போய் அணைத்தேன். போனில் எண் மறைந்து வெறும் கோடு வந்தது. இத்தனை நாளும் அந்தப் போன் பேசிக்கொண்டிருந்தது என் வேனோடு! நான் வந்தால் வேனும் கூடவே வருமே, அதுதான் என் கைராசி.

"கூலண்ட் வாசனை வருது. இனிப்பா" என்று காருக்குள்ளிருந்தே சொன்னான் அண்ணன். வேனின் முன்மூடியைத் தூக்கினால், என்ஜினைக் குளிர்விக்கிற கூலண்ட் பாட்டில் காய்ந்து கிடந்தது. ரேடியேட்டர் மூடிக்குக் கையைக் கொண்டுபோனேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "சூடா இருக்கும்போது தொறந்தா முகம் வெந்துடும். அறிவிருக்கா?"

இருந்திருந்தால் இன்னொன்றும் செய்திருக்க மாட்டேன். மூன்று வாரமாக என் வேனில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கண்ணை உறுத்துகிறதே என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவளின் லட்சணம் இது. "மன்னிச்சிடுங்க அண்ணி, நானே உங்க வண்டிய எடைக்குப் போட இருந்தேனே" என்று நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதேன்.

"அழுதா கேக் உறையுமா? முதல்ல உன் கருவியை என் வண்டில சொருகு."

சொருகினேன். அண்ணி மறுபடி கிளப்பினாள். போனில் ஒரே பெயரில் இரண்டு கருவிகள் வரிசையாக இருந்தன. இந்தத் தடவை இரண்டாவதைத் தொட்டேன். சூடு தொண்ணூறு, இருக்க வேண்டிய சூடுதான். ஒரே ஒரு கோளாறு: பெட்ரோல் ஆவி கசிகிறது. அண்ணி டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாள். ரப்பர் வளையம் வெடித்திருந்தது.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மூடியா? என் கடையில கூடை கூடையா கிடக்கு. சாயந்திரம் கொண்டாந்து தர்றேன்." பிறகு என் வேனை ஒரு மாதிரி பார்த்தார். "அப்போ, இதையாவது..."

"போய்யா!" என்றேன்.

மெக்கானிக்கை வேனுக்கு வரச் சொல்லிவிட்டு, கேக் பெட்டிகளையும் ரொட்டித் தட்டுகளையும் காருக்கு மாற்றினோம். அண்ணி டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடறேன் சார்" என்றவள், சலவை நிலையத்துக்கும் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் இன்னும் பெல்ட்டோடுதான் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்து ஜன்னலில் குனிந்து, "அண்ணா, உன் காதுதான் சரி" என்றேன். அவன் கையை நீட்டி என் தலையைத் தேடி ஒரு குட்டு வைத்தான். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "அப்போ நான் இறங்க வேணாமா?" என்று கேட்டான்.

"யாரு இறங்கச் சொன்னா? இந்தக் கேக்க மடியில பிடிச்சுக்கோங்க. சாய்ச்சுடாதீங்க."

பானட்டில் இரண்டு தட்டு. வண்டி கிளம்பியது. நான் பின்சீட்டில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ஒண்ணாம் கியரிலேயே உருண்டோம். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று நான் ரொட்டித் தட்டுகளைப் பிடித்துக்கொண்டேன். தெருமுனை தாண்டியதும் அண்ணன், "இப்போ மாத்தலாம்" என்றான். அண்ணி மாற்றினாள்.