நூறு கஜத்துக்கு இப்பால்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் ரப்பர் தோட்டத்துக் காவல் கோபுரத்தில் நின்ற என் சக பாவிகளே, நம் உத்தியோகம் துப்பாக்கி பிடிப்பதல்ல, தூரம் சொல்வது. கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் சட்டம் ரொம்பச் சுலபம். ஊரடங்கு நேரத்தில் முள்வேலிக்கு வெளியே ஆள் தெரிந்தால், நூறு கஜத்துக்கு அப்பால் என்றால் கூவி நிறுத்த வேண்டும். இப்பால் என்றால் சுட வேண்டும். அளவுகோல் நம் கண்தான். அதைச் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லை.

மரக் கணக்கு

பயிற்சி தர வந்த வெள்ளைக்கார சார்ஜன், ரப்பர் நிரையில் ஒருவனை நிறுத்தி, தூரம் கேட்டார். நான் தோட்டத்துப் பிள்ளை. நடுவிலிருந்த மரங்களை எண்ணி, மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியால் பெருக்கி, பிசகாமல் சொன்னேன். கர்வம் தாங்கவில்லை.

மறுநாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் எதிர்க்கரைப் படகைக் காட்டினார். நடுவில் வெறும் தண்ணீர், எண்ண ஒன்றுமில்லை. வெற்றிடம் எப்போதும் கிட்டத்தில் இருப்பதுபோல் நடிக்கும். "அறுபது கஜம்" என்றேன். நூற்றைம்பதாம். சார்ஜன் பொரிந்ததை எங்கள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி தமிழில் சொன்னார்: "தண்ணியில மரம் நட்டுத் தரச் சொல்லி தொரைக்கு எழுதட்டுமான்னு கேக்குறாரு."

ஒற்றைக்கண் அந்தோணி

என்னோடு காவல் நின்ற அந்தோணிக்குக் கண்வலி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர் ஒரு கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார். அன்று அவன் ஊற்றிய தேநீர் கோப்பையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது, முக்கியமாக என் கால்சட்டையில். இதுதான் சமயமென்று, கோபுரம் ஏற முடியாது என கார்ப்பரலிடம் மன்றாடினான். அவர் பெரிய விஞ்ஞானி. தூரத்து மரம், மாட்டுவண்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். இரண்டு கண்ணுள்ள எங்களைப் போலவே அவனும் தப்பாகச் சொன்னான். "கிட்டத்துச் சாமானுக்குத்தான் ரெண்டு கண்ணு வேணும். கம்யூனிஸ்டு உன் கோப்பைக்குள்ளயா வந்து உக்காரப் போறான்? ஏறு லா!"

பனியில் வந்த ராட்சதன்

ஒரு விடியற்காலை, நல்ல பனிமூட்டம். வேலிக்கு வெளியே ஓர் உருவம். மங்கலாகத் தெரிந்ததால் வெகுதூரம் என்று என் மூளை முடிவு கட்டியது. அவ்வளவு தூரத்திலும் இத்தனை பெரிதாகத் தெரிந்தால் ஆள் ஏழடி இருப்பான் என்று மேலும் ஒரு கணக்குப் போட்டது. தோளில் நீளமாக ஏதோ இருந்தது. துப்பாக்கியேதான்! இருநூறு கஜம், சந்தேகமில்லை. விசையில் விரலை வைத்துக்கொண்டு, "யாரது? நில்!" என்று தொண்டை கிழியக் கூவினேன்.

உருவம் நின்றது, முப்பது கஜத்தில். ரப்பர் பால் வெட்டும் செல்லம்மா. நாலே முக்கால் அடி. தோளில் வாளி தூக்கும் காண்டாக் கம்பு. வெயில் ஏறுமுன் பால் நன்றாக ஓடுமென்று, ஊரடங்கு முடியும் முன்பே வேலி ஓட்டை வழியாக வேலைக்குக் கிளம்பியிருக்கிறாள். என் கண் சரியாக அளந்திருந்தால் சட்டப்படி சுட்டிருப்பேன். மூன்று பிள்ளைகளின் தாய். அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவளோ இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தாள்: "இந்தா, பக்கத்துலதானே நிக்கிறேன். தூரத்து ஊரு சபாக்குல இருக்குறவளக் கூப்புடுற மாதிரி ஏன் தம்பி கத்துற?"

விசாரித்த சார்ஜன் என் பெயருக்கு நேரே 'தூரம் கணிக்கத் தெரியாதவன்' என்று சிவப்பு மையில் எழுதினார். என் ஆயுளில் நான் வாங்கிய ஒரே நற்சான்றிதழ் அதுதான்.