பட்டினி போடாத பேட்டரிகள்

தையற்காரம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அவள் புருஷனோ லீவு கிடைத்தால் ஏரியே கதி என்று கிடந்தவர். வாரம் முழுக்க லேத் பட்டறையில் இரும்பு சீவிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் பேட்டரி மோட்டார் வைத்த சின்னப் படகோடு கிளம்பிவிடுவார். தூண்டில் பெயருக்குத்தான், மீனோடு வந்த நாள் குறைவு. "எனக்கு வாய்ச்ச சக்களத்தி அலையடிச்சுக்கிட்டுக் கிடக்கா" என்று அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு உதட்டோடு சரி.

வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. மிச்சப் பேச்சையெல்லாம் ஏரியில் கொட்டுகிறார் என்றே அவள் நம்பினாள். அங்கே ஒரு கூட்டாளிப் பட்டாளம் இருக்கும், விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்துப் பொருமுவாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கையைப் பிடித்தபோது, ஏதோ சொல்லப் போகிறார் என்று காதை வாயருகே கொண்டுபோனாள்.

"பேட்டரியைப் பட்டினி போட்டுடாத. மாசாமாசம் சார்ஜ் ஏத்திடு."

இத்தனை காலம் குடும்பம் நடத்தியவளுக்கு அவர் விட்டுப்போன வார்த்தை அதுதான்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. மாதம் பிறந்தால், படகின் இரண்டு பேட்டரிகளும் இருந்த கொட்டகைக்குக் கோபம் கோபமாகப் போவாள். சார்ஜ் ஏறும்போது வாயு தங்கக்கூடாது என்று கதவை அகலத் திறந்து வைப்பாள். முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீர் விட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்ப்பாள். முதலில் சிவப்புக் கவ்வி, பிறகு கறுப்பு, அப்புறம்தான் சுவிட்ச். ஏறி முடிந்ததும் மூடிகளைத் திருகி, குறைந்த அறைகளில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவாள். இரண்டில் ஒன்றுக்குச் சீக்கிரமே பச்சை விளக்கு வந்துவிடும். அதை நல்ல பிள்ளை என்று மெச்சுவாள். மணிக்கணக்கில் இழுத்தடிக்கும் மற்றதைச் சோம்பேறி என்று திட்டுவாள். அந்த வீட்டில் வாய்விட்டுப் பேச வேறு ஆள் கிடையாது.

படகைத் தனக்குத் தரும்படி கொழுந்தனார் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில், "சும்மா கிடந்து வீணாப் போகுது அண்ணி" என்று நேராகவே சொன்னபோது, அவள் வாயில் அவளறியாமல் வந்துவிட்டது.

"நான் ஒரு தரம் போய்ப் பாக்கணும். தள்ளி மட்டும் விடுங்க."

அவர் மிரண்டுபோனார். கூட வருகிறேன் என்றதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, கைப்பிடியைத் திருப்பும் விதத்தைக் காட்டிவிட்டுக் கரையிலேயே நின்றார்.

மோட்டார் அவளுடைய தையல் மிஷின் அளவுக்குக்கூடச் சத்தம் போடவில்லை. கரை விலக விலக ஒரு கையால் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நடு ஏரிக்குப் போய்ச் சுற்றிலும் பார்த்தாள். எந்தப் பட்டாளத்தையும் காணோம். தண்ணீர், வெயில், நாணல், தூரத்தில் ஒரே ஒரு வலைக்காரர். இதற்குத்தானா அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்?

திரும்பலாம் என்று கைப்பிடியை முறுக்கினால், மோட்டார் முனகிவிட்டு நின்றுபோயிற்று. துடுப்புப் போட்டதில் படகு செக்குமாடாய் ஒரே இடத்தைச் சுற்றியது. வலைக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அவர் வந்து கயிறு கட்டினார். எந்தப் பேட்டரி சீக்கிரம் ஏறும் என்று விசாரித்தார். அவள் நல்ல பிள்ளையைக் காட்டினாள். அதுதான் கோளாறு, அதன் உயிர் போய்விட்டது, சார்ஜ் அதிகம் பிடித்துவைக்காததால்தான் சீக்கிரம் நிறைகிறது என்றார். படகை வைத்தே அவள் யாரென்று தெரிந்துகொண்டிருந்தார்.

வெகுநாளாக மனதில் கிடந்ததை அவள் கேட்டேவிட்டாள். "உங்ககிட்டல்லாம் என்ன பேசுவாரு?"

வலைக்காரர் யோசித்தார். "பேசவா? தூரத்துல பாத்தா கையைத் தூக்குவாரு. நானும் தூக்குவேன். அவ்வளவுதாம்மா. அவர் வாயைத் திறந்து நான் பாத்ததில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு அவர் அவளை வஞ்சிக்கவில்லை. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். கரை வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொழுந்தனார் கரையில் தவித்துக்கொண்டிருந்தார். இனி படகு தனக்குத்தான் என்று எண்ணியிருப்பார். அவளோ புதுப் பேட்டரி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார், மாற்றினாள்.

தண்ணீர்ப் பயம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் போகிறாள். ஒரு வாரம் கொழுந்தனார் துணைக்கு ஏறி, கரை சேரும்வரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் அவர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டாள்.