தோற்றவர்களைத் தேடிய ஜுல்பிகர்

கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடைக் குடும்பத்தில் பிறந்து சரித்திரம் படிக்கப் போனவன் என் மச்சான் ஜுல்பிகர் ஒருத்தன்தான். அதிலும் ராஜாக்கள் சரித்திரம் இல்லை. ஏழைகளை விளையாட வைக்க அரசாங்கம் போட்ட திட்டங்களின் சரித்திரம். "உன் வூட்டுக்காரரு இன்னா வேல செய்றாரு?" என்று யாராவது கேட்டால் என் தங்கை ஜெபீனா பேச்சை மாற்றிவிடுவாள்.

கல்வராயன் மலையில் பத்து வருடம் முன்பு அரசாங்கம் நடத்திய பெண்கள் கபடிப் போட்டிதான் அவன் ஆராய்ச்சி. பைக் என்னுடையது என்பதால் நானும் மாட்டிக்கொண்டேன். ஊர் ஊராகப் போய்க் கேட்டோம். எல்லா ஊரிலும், "நாங்கதாங்க ஜெயிச்சோம்" என்றார்கள். ஒரே கோப்பையை மலை முழுவதும் ஜெயித்திருந்தது.

அவனுடைய பேராசிரியரோ, தோற்றவர் ஒருவராவது பேசாமல் ஆய்வேட்டைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். அந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் படிப்பை விட்டுக் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று அவன் அத்தா கெடு வைத்திருந்தார்.

கடைசியில் ஒரு மரவள்ளிக் காட்டில், சேலைக்கு மேல் கபடி ஜெர்சி போட்டுக்கொண்டு கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த நிர்மலா என்ற பெண்ணைப் பார்த்தோம். ஜுல்பிகர் போட்டி என்று வாயெடுத்ததுமே அவள் கத்தினாள்.

"ஜெர்சிய தர மாட்டேன்! தோத்தவங்க திருப்பிக் குடுக்கணும்னு அன்னிக்கே கேட்டாங்க. அன்னிக்கும் குடுக்கல, இன்னிக்கும் குடுக்க மாட்டேன்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மலையே எங்களை ஜெர்சி வசூலிக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறது.

"நெசமாவே தோத்தீங்களா?" ஜுல்பிகர் துள்ளிக் குதித்தான். "ரொம்ப சந்தோஷங்க!"

"நாங்க தோத்ததுல உனக்கு இன்னாய்யா சந்தோஷம்?"

அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது எனக்கு. அவனோ அசடு வழிந்தபடி, ஜெர்சி அவளுக்கேதான் என்று சத்தியம் செய்துவிட்டு, எப்படித் தோற்றார்கள் என்று கேட்டான்.

"எங்க தோத்தோம்? நாங்கதான் முன்னால இருந்தோம். பாதி ஆட்டத்துல எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு வந்துடுச்சு. அத வுட்டா மறுநாளு கூலிக்குப் போவ முடியாது. ஆடிக்கினு இருந்தவங்க அப்படியே ஓடிப்போய் ஏறிட்டோம். ஆளு இல்லன்னு அவுங்க ஜெயிச்சதா சொல்லிட்டாங்க."

ஜுல்பிகர் விடாமல் எழுதினான். அவ்வளவு எழுதுகிறவன் பெரிய அதிகாரியாகத்தான் இருப்பான் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் குரல் இறங்கியது.

"ஏங்க, அந்த மீதி ஆட்டத்த எப்பங்க வெப்பீங்க?"

எனக்கு வந்த சிரிப்பு அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஜுல்பிகர் இன்று டாக்டர் பட்டம் வாங்கிவிட்டான். ஆனாலும் அந்த மீதி ஆட்டத்தை நடத்தச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.